கோதையெல்லா என்றொரு பேரினம்

எங்கள் கல்லூரியில் விலங்கியல் துறையும் வேதியியல் துறையும் ஒரே தாழ்வாரத்தில் எதிரெதிரே இருக்கின்றன. நடுவில் ஒரு தண்ணீர்க் குழாய். அந்தக் குழாயடியில் குவளை கழுவிக்கொண்டிருந்தபோதுதான் விலங்கியல் நாராயணி என்னிடம், தான் ஒரு கடல் நத்தைக்கு மாமியார் பெயரை வைத்திருப்பதாகச் சொன்னார். நான் வேதியியல்காரன். ஒரு பொருள் என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு. அதற்குப் பெயர் சூட்டித் தொட்டிலில் போடுகிற வேலையெல்லாம் எங்களுக்குக் கிடையாது. அதனால், "ஏன் மேடம், மாமியார் மேல அம்புட்டுக் கோபமா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் முகம் சுளிக்கவில்லை. "கோபம் இருந்தா பூரானுக்கு வச்சிருப்பேன் சார்" என்றார்.

வெளியிலிருந்து பார்த்தால் நாராயணியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ராஜபாளையத்தில் வேலை, ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு. காலையில் நிற்க இடமில்லாத பேருந்து, மாலையில் உட்கார இடம் கிடைத்தால் தூக்கம். பரீட்சைத் தாள் திருத்துவதில் கறார். ஒரு மகன், கோயம்புத்தூரில் படிக்கிறான். கணவர் கண்ணபிரான் சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி நெய்கிற ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறார். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அது அவருக்கு விசேஷ நாள். ஆனால் இந்த நாராயணி, உலகத்தில் இல்லாத ஒரு பேரினத்தை உண்டாக்கிப் பத்து வருஷம் போல வைத்திருந்து, பிறகு தன் கையாலேயே அதை இல்லாமல் ஆக்கியவர். நான் கூட இருந்து பார்த்தேன் என்பதால் சொல்கிறேன்.

அவர் பிறந்தது வத்திராயிருப்புப் பக்கம் கான்சாபுரத்தில். நெல்லும் தென்னையும் தவிர வேறு தெரியாத வீடு. கடலை முதன்முதலில் பார்த்தது கல்லூரிச் சுற்றுலாவில், வேம்பார் கரையில். மற்ற பெண்கள் அலையில் கால் நனைத்துக் கத்திக்கொண்டிருக்க, இவர் அலை ஒதுக்கிய மணலைக் கையில் அள்ளிப் பார்த்திருக்கிறார். அதில் பாதி மணலே இல்லை. அத்தனையும் நத்தை ஓடுகள். எள்ளைவிடப் பெரிசு, மிளகைவிடச் சிறிசு. ஒவ்வொன்றும் ஒழுங்காகச் சுருண்டு, நுனி கூராகி, வாய் வைத்து, முழுதாக இருந்தது. "இம்புட்டுச் சின்னதுக்கு இம்புட்டு வேலைப்பாடு எதுக்குன்னு தோணுச்சு சார்" என்று ஒருமுறை சொன்னார். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டே முதுகலை, ஆராய்ச்சிப் பட்டம், வேலை என்று வந்துவிட்டார். விடை கிடைத்ததா என்று நான் கேட்கவில்லை.

ஒவ்வொரு விடுமுறைக்கும் வேம்பாருக்குப் போய் ஒரு பை மணல் கொண்டுவருவார். அதைக் கழுவி, காயவைத்து, கறுப்புத் தாளில் பரப்பி, ஈரத் தூரிகையின் நுனியால் ஓடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எடுக்க வேண்டும். ஊருக்குத் திரும்புகிற பேருந்தில் நடத்துநர் அந்தப் பையைத் தூக்கிப் பார்த்து, "என்ன டீச்சர், வீடு கட்டுதியளா?" என்று கேட்பாராம். "ஆமா, மெதுவாக் கட்டுதேன்" என்று இவர் சொல்வாராம்.

கல்யாணமான புதிதில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பின்னால் வந்த எல்லாம் அதிலிருந்துதான் தொடங்கியது. கண்ணபிரான் வீடு ஆண்டாள் கோயிலை ஒட்டிய தெருவில் இருக்கிறது. முட்டைகூட வாசல்படி ஏறாத வைணவ வீடு. மருமகள் முதல் விடுமுறைக்குக் கடற்கரை போய்விட்டு, ஒரு கையில் மணல் பையும் மறுகையில் ஒரு பாட்டிலுமாக வந்து நிற்கிறார். மாமியார் கோதைநாயகி அம்மாள் வாசலிலேயே மறித்துவிட்டார்.

"பாட்டில்ல என்னது?"

"நத்தை அத்தை. கடல் நத்தை."

"உசுரோடயா இருக்கு?"

"இல்ல, செத்தது. ஸ்பிரிட்ல போட்டு வச்சிருக்கேன்."

"பொணத்த ஊறுகா போட்டு வீட்டுக்குள்ள கொண்டாரியா? நல்லாருக்குட்டி!"

பிறகு கோதைநாயகி அம்மாள்தான் இறங்கி வந்தார். "பொணம் வேண்டாம். காலி ஓடுன்னா கொண்டு வா, நான் ஒண்ணும் சொல்லல. குடியிருந்தவன் காலி பண்ணிட்டுப் போன வீடுதான அது" என்றார். நாராயணி பாட்டிலைக் கல்லூரியில் கொண்டுபோய் வைத்தார். அங்கே அதைச் சீண்ட நேரமில்லை. ஆராய்ச்சி எல்லாம் வீட்டில், ஞாயிற்றுக்கிழமைகளில்தான். ஆகவே நாளடைவில் காலி ஓடு மட்டும் சேகரிப்பது என்பதே அவருடைய முறையாகிவிட்டது. உள்ளே இருக்கும் உயிரை வைத்து வகை பிரிக்கிறவர்கள் உலகமெங்கும் இருந்தார்கள். நாராயணிக்கு ஓடுதான் எல்லாம்.

அடுத்தது பெட்டிகள். கோதைநாயகி அம்மாள் ஒரு காலத்தில் வீட்டிலிருந்தே தீப்பெட்டி ஒட்டிக் கொடுத்தவர். அட்டையை மடித்து, மைதாப் பசை தடவி, அடிப்பெட்டியும் மேல்பெட்டியும் செய்து ஏஜெண்டிடம் போடுவார். எந்திரம் வந்து அந்த வேலை நின்றது. அதைப் பற்றி அவருக்கு வருத்தம் ஏதும் கிடையாது. "நல்லதாப் போச்சு, முதுகு தப்பிச்சுது" என்பார். மிஞ்சிய அட்டைக்கட்டு மட்டும் பரணில் கிடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாராயணி பொறுக்கிப் பிரித்து வைத்திருந்த தாளின் மேல் யாரோ மின்விசிறியைச் சுழலவிட்டுவிட்டார்கள். ஒரு மாதத்து வேலை கட்டிலுக்கடியில் பறந்தது. நாராயணி தரையில் உட்கார்ந்து அழுதார். கோதைநாயகி அம்மாள் பரணிலிருந்து அட்டையை இறக்கினார். அடுப்பில் பசை காய்ச்சினார். தீப்பெட்டியில் பாதி அளவுக்குச் சின்னச் சின்னப் பெட்டிகளாக ஒட்டி, வெயிலில் உலர்த்தி, மகன் சத்திரப்பட்டியிலிருந்து கொண்டுவந்த பஞ்சை உள்ளே மெத்தை போல வைத்துக் கொடுத்தார். "எது உனக்கு ஒசத்தியோ அத இதுல வை. மத்தத எதுலயாச்சும் போடு" என்றார்.

நாராயணி அப்படியே செய்தார். அபூர்வமாகத் தெரிந்தவை மாமியார் செய்த பெட்டிகளுக்குப் போயின. சாதாரணமானவை ஓமியோபதி மாத்திரை வருகிற கண்ணாடிக் குப்பிகளுக்குப் போயின. பெட்டிகளுக்கென்று இரும்பு பீரோவில் ஒரு தட்டு ஒதுக்கப்பட்டது. பூட்டுச் சாவியும் மாமியாரிடமே இருந்தது. மருமகளைத் தவிர யாருக்கும் தரமாட்டார், மகன் உட்பட.

அந்த அபூர்வங்களில் ஒரு வகை ஓடு நாராயணியை விடாமல் தொந்தரவு செய்தது. வாய் ஓரம் கொஞ்சம் தடித்து, உடம்பு கொஞ்சம் ஒல்லியாக இருந்தது. பார்த்தால் வழக்கமான ஒரு பேரினத்து நத்தை போலத்தான் இருக்கும், ஆனால் முழுக்கவும் ஒத்துப்போகாது. சில வருஷம் பெட்டியில் கிடந்த பிறகு, மதுரையில் ஒரு ஆய்வகத்தில் மின்னணு நுண்ணோக்கியில் படமெடுக்க வாய்ப்பு வந்தது. படத்தைப் பார்த்து அவர் ஆடிப்போனார். ஓட்டின் சுருள் நெடுகிலும் வரிசை வரிசையாகக் குழிகள், இடியாப்ப அச்சில் இருப்பது மாதிரி. அந்த நத்தைக் குடும்பத்தில் எதற்கும் அப்படிக் குழி கிடையாது. எல்லாமே வழவழவென்றிருப்பவை.

இதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டேன். அவர் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். "இனம்னா ஒரு ஆளு சார். பேரினம்னா வீடு. குடும்பம்னா தெரு. புது ஆளு அப்பப்ப கிடைப்பாக. இருக்கிற எந்த வீட்லயும் சேராத ஆளு வந்தாத்தான் புதுசா வீடு கட்டணும். அது லேசுல நடக்காது."

நாராயணி வீடு கட்டினார். குழிதான் அஸ்திவாரம். கோதைநாயகி என்ற பெயரை எடுத்து, சின்னது என்று பொருள்படும் ஒரு லத்தீன் வாலை ஒட்டினார். பேரினம் கோதையெல்லா. கிடைத்த இடத்தை வைத்து இனப்பெயர் வேம்பாரென்சிஸ். வெளிநாட்டு நிபுணர்கள் படித்து ஏற்றுக்கொள்ள, ஒரு ஆய்விதழில் வெளிவந்தது. ஏன் இந்தப் பெயர் என்று சொல்கிற இடத்தில், 'மாதிரிகளைப் பாதுகாக்கப் பெட்டிகள் செய்து தந்தவர்' என்று ஒரு வரி எழுதியிருந்தார். அந்த வரியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளூர்ச் செய்தியாளர் ஒருவர் அவசரத்தில் 'கடல் நத்தைக்கு ஆண்டாள் பெயர்' என்று போட்டுவிட்டார். தெரு கொதித்தது. பூக்கடை குருசாமி வீட்டுக்கே வந்துவிட்டார். "ஆண்டாள் பேர ஒரு நத்தைக்கு வைக்கலாமா? அடுக்குமா?"

கோதைநாயகி அம்மாள் வாசலிலேயே பதில் சொன்னார். "அது ஆண்டாள் பேரு இல்ல, என் பேரு. எங்கப்பா எனக்கு வச்சாரு, என் மருமக நத்தைக்கு வச்சா. உமக்கு என்ன வந்துச்சு? பெருமாள் கையில வச்சிருக்கிறது என்னவாம்? சங்கும் நத்தை ஓடுதான், போய்ப் பாரும்."

குருசாமி போய்ப் பார்த்தாரா தெரியாது. மறுபடி வரவில்லை.

ஆரம்பத்தில் நத்தைக்குத் தன் பெயரா என்று அம்மாளுக்கே கொஞ்சம் கூசியிருக்கிறது. பிறகு அது தலைகீழாக மாறியது. நுண்ணோக்கிப் படத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுப் பெருமாள் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டினார். எரிவாயு உருளை கொண்டுவருகிறவர், கல்யாணத்துக்கு அழைக்க வந்தவர், வீடு மாறி வந்தவர்கள் என்று யார் வந்தாலும் அந்தப் படத்துக்கு முன்னால் நிறுத்தி, "இதுதான் நான்" என்று ஆரம்பித்துவிடுவார். நானும் நின்றிருக்கிறேன். கடலே பார்த்திராத ஒருவர் தன்னைக் கடலில் ஒரு வீட்டின் சொந்தக்காரராக நினைத்துக்கொண்டிருந்தது எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் கல்லூரியும் சும்மா இருக்கவில்லை. மாணவர் சேர்க்கைக்கு அச்சடிக்கிற வழவழத் தாளில் வருஷா வருஷம் அதே படம்.

போன ஆனி மாதம் கொச்சியிலிருந்து ஜனனி என்ற ஆராய்ச்சி மாணவி மின்னஞ்சல் அனுப்பினாள். மன்னார் வளைகுடா முழுக்கத் தேடிவிட்டாளாம். வேம்பாரிலேயே மூன்று பருவம் தேடிவிட்டாளாம். நாராயணி விவரித்த உருவத்தில், அளவில், தடித்த வாயோடு நத்தைகள் உயிருடனேயே நிறையக் கிடைக்கின்றன. ஆனால் ஒன்றில்கூடக் குழி இல்லை. 'நான் சரியான இடத்தில் தேடவில்லை போலிருக்கிறது. உங்கள் மாதிரிகளை நேரில் பார்க்கலாமா மேடம்?' என்று பணிவாகக் கேட்டிருந்தாள். ஆடிப்பூரத் தேர் முடிந்த பிறகு வரச் சொல்லி நாராயணி பதில் போட்டார். இதுவரை சந்தோஷம்தான். தன் நத்தையை இன்னொருத்தர் தேடுகிறாரே என்று குழாயடியில் நின்று என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

மாணவி வருவதற்கு முன் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தலாம் என்று பெட்டிகளைக் கல்லூரிக்குக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகத் திறந்தார். ஒரு பெட்டியின் பஞ்சில் வேறொரு நத்தை கலந்து கிடந்தது. கரையில் காலில் மிதிபடுகிற சாதாரண இனம். எப்போதோ தவறி விழுந்தது. அதன் ஓடு பளிங்கு மாதிரி இருக்கும் என்று முதலாண்டு பிள்ளைகளுக்கே தெரியும். எடுத்துப்போட்டுவிட வேண்டியதுதான். போடுவதற்கு முன் பழக்கதோஷத்தில் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்.

அதிலும் குழி. வரிசை வரிசையாக.

அதே இனத்து ஓடுகள் கண்ணாடிக் குப்பிகளில் நூற்றுக்கணக்கில் இருந்தன. குப்பியைக் கவிழ்த்துப் பார்த்தார். ஒன்றிலும் குழி இல்லை.

நான் வகுப்பு முடித்து வந்தபோது எங்கள் ஆய்வுக்கூடத்தில் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். ஒரு பெட்டியைத் திறந்து நீட்டி, "மோந்து பாருங்க ராஜரத்தினம் சார்" என்றார். மோந்தேன். மெலிதாகப் புளிப்பு வாடை. ஓடுகளின் மேல் மாவு பூத்தாற்போல வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது.

வேதியியல்காரனுக்கு இது பாலபாடம். அட்டையிலிருந்தும் பழைய மாவுப்பசையிலிருந்தும் நாள்பட நாள்பட லேசான அமில ஆவி கசியும். அந்தப் புளிப்பு வாடை அதனுடையதுதான். திறந்த வெளியாயிருந்தால் காற்றோடு போய்விடும். பெட்டிக்குள் பஞ்சு, பெட்டியைச் சுற்றிப் பூட்டிய பீரோ என்றால் எங்கே போகும்? ஓடு என்பது சுண்ணாம்பு. அமிலம் பட்டால் கரையும். ஓடு வளர்ந்த வரிகளில் எங்கெங்கே பலம் குறைவோ அங்கங்கே முதலில் அரிக்கும். அதனால்தான் குழிகள் வரிசை பிடித்து, பிறவியிலேயே அமைந்தது போலத் தெரிந்தன. இருந்தாலும் ஈர நீல லிட்மஸ் தாளை ஒரு பெட்டியில் வைத்து மூடினேன். மறுநாள் காலையில் திறந்தோம். தாள் சிவந்திருந்தது.

"அப்ப கோதையெல்லா?" என்றேன்.

"அப்படி ஒண்ணு கிடையாது சார்." நாற்காலியில் உட்கார்ந்தார். "சாதாரண வீட்டு ஆளு. நான்தான் தனி வீடு கட்டிக் குடுத்துட்டேன். உள்ள இருந்த உசுரப் பார்த்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். ஓட்ட மட்டும் பார்த்தேன்."

நான் என் யோசனையைச் சொன்னேன். அந்தச் சாதாரண நத்தையைக் குப்பியில் போட்டுவிடலாம். மாணவி வந்து பார்க்கட்டும், அளக்கட்டும், போகட்டும். இந்த இனம் அருகிவிட்டது போலும் என்று எழுதிக்கொள்வாள். "யாருக்கு மேடம் தெரியப்போகுது?"

நாராயணி என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது. "அந்தப் பிள்ள இன்னும் எத்தன வருஷம் இல்லாததத் தேடிட்டு அலையும்? நாளைக்கு வகுப்புல நின்னுட்டு நான் எப்படி வகைப்பாடு நடத்துறது?" என்றார். பிறகு குரல் இறங்கியது. "அதுல எனக்குச் சந்தேகமே இல்ல சார். எழுதத்தான் போறேன். என் பேரினம் செல்லாதுன்னு நானே எழுதிடுவேன். பேரு முழுசா அழியவும் அழியாது. சரியான பேருக்குக் கீழ சின்ன எழுத்துல, இப்படியும் ஒருத்தி ஒரு காலத்துல கூப்பிட்டான்னு கிடக்கும். எனக்கு அது போதும். ஆனா அத்தைகிட்ட என்ன சொல்ல? உங்க பேரு போச்சுன்னு சொல்லிடலாம், கஷ்டந்தான், சொல்லிடலாம். எதனால போச்சுன்னு கேட்பாகளே. நீங்க ஆசையாச் செஞ்சு குடுத்த பெட்டிதான் தின்னுடுச்சுன்னு எப்படிச் சொல்ல?"

காரணத்தை மட்டும் மறைத்துவிடலாமே என்றேன். அவர் முடியாது என்று தலையாட்டினார். அச்சில் வரப்போகிறது, காரணம் இல்லாமல் ஒரு பேரினத்தை எடுக்க முடியாது. உள்ளூர்ப் பத்திரிகையும் சும்மா இருக்காது. தெருவில் யாரோ ஒருவர் சொல்லி அத்தைக்குத் தெரிய வருவதைவிடத் தான் சொல்வதே மேல். ஆனால் நாள் போய்க்கொண்டே இருந்தது. காலையில் சொல்லலாம் என்று எழுந்தால், மாமியார் பெருமாளுக்கு விளக்கேற்றிவிட்டு அந்தப் படத்தின் கண்ணாடியையும் துடைத்துக்கொண்டிருப்பாராம். அதோடு இவர் பையை எடுத்துக்கொண்டு பேருந்துக்குக் கிளம்பிவிடுவாராம்.

தேர் முடிந்த வாரம் ஜனனி வந்தாள். சின்னப் பெண், பேசும்போது முதுகுப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டே பேசினாள். நாராயணி சுற்றி வளைக்கவில்லை. பெட்டி, குப்பி, லிட்மஸ் தாள் மூன்றையும் மேசையில் வைத்து, நடந்ததைச் சொல்லி, "நாம ரெண்டு பேரும் சேர்ந்து எழுதுவோம். உன் உயிருள்ள மாதிரி, என் தப்பு. ரெண்டும் சேர்ந்தாத்தான் முழுசா இருக்கும்" என்றார். ஜனனிக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் தன் தேடலில்தான் கோளாறு என்று நினைத்திருக்கிறாள்.

தன் பெயருடைய நத்தையைப் பார்க்கக் கொச்சியிலிருந்து ஒருத்தி வருகிறாள் என்று தெரிந்ததும், மதியச் சாப்பாடு வீட்டில்தான் என்று கோதைநாயகி அம்மாள் முடிவு செய்துவிட்டார். நாராயணி என்னையும் இழுத்தார். "வேதியியல நீங்க சொல்லுங்க சார். மத்தத நான் சொல்லிக்கிடுதேன்." மூன்று பேரும் பேருந்து ஏறினோம். சனிக்கிழமை, கண்ணபிரான் வேலைக்குப் போயிருந்தார்.

போனதும் ஜனனியைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் படத்துக்கு முன்னால் நிறுத்தினார் அம்மாள். "இதுதாம்மா நான்." அந்தப் பெண் படத்தைப் பார்த்தாள், அம்மாளைப் பார்த்தாள், கடைசியில் தரையைப் பார்த்தாள்.

இலை போட்டு அவியலும் வத்தக்குழம்பும் பரிமாறினார். ஓரத்தில் பால்கோவா. அம்மாள் எங்களோடு சாப்பிட உட்காரவில்லை. கரண்டியோடு எதிரே நின்றுகொண்டார். "நீ எங்கெங்க தேடினே? எம்புட்டுக் கிடைச்சுது?" என்று ஜனனியிடம் கேட்டார்.

ஜனனி வாயில் சோற்றோடு நாராயணியைப் பார்த்தாள். நாராயணி இலையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அது கிடைக்காது அத்தை. அப்படி ஒரு நத்தை கிடையாது. நான் கட்டின வீடு தப்பு. அது பக்கத்து வீட்டு ஆளுதான். இனி அதுக்கு உங்க பேரு இல்ல."

கரண்டி நின்றது. "ஏன்?"

"குழிய வச்சுத்தான தனிப் பேரு வச்சேன். அந்தக் குழி அதோடது இல்ல அத்தை. பொறவு வந்தது."

"பொறவுன்னா?"

நாராயணி என் பக்கம் திரும்பினார். என் முறை என்று நான் தொடங்கினேன். காற்றில் உள்ள ஈரம், மலைப்பக்க ஊர்களின் தட்பவெப்பம், சுண்ணாம்பின் இயல்பு என்று எங்கெங்கோ போனேன். இருபத்தைந்து வருஷம் பாடம் நடத்திய வாய், அன்றைக்கு ஒரு வாக்கியத்தை முடிக்கத் தெரியாமல் திணறியது. அம்மாள் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தம்பி, சுத்தி வளைக்காதீய. நான் ஒட்டுன பெட்டியா?"

நான் நாராயணியைப் பார்த்தேன். நாராயணி தலையை நிமிர்த்தினார். "ஆமா அத்தை. அட்டையும் பசையும் புளிச்சு, அந்த ஆவி ஓட்ட அரிச்சிருக்கு. உங்க மேல தப்பு இல்ல. நான்தான் கவனிக்கல. நான்தான் படிச்சவ."

கோதைநாயகி அம்மாள் கரண்டியைக் குழம்புச் சட்டியில் வைத்தார். சுவரண்டை போய், இடுப்பில் செருகியிருந்த மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, அந்தப் படத்தையே பார்த்தபடி நின்றார். எங்கள் மூன்று பேர் கையிலும் சோறு காய்ந்துகொண்டிருந்தது. தெருவில் தேருக்குப் போட்ட பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மூங்கில் விழுகிற சத்தம் கேட்டது. இவர் உடைந்துபோனால் நாராயணி மறுபடி நுண்ணோக்கியைத் தொடமாட்டார் என்று எனக்குத் தோன்றியது. பயமாக இருந்தது.

"இது பொறக்கும்போது குழி கிடையாது?" என்றார் அம்மாள், படத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

"கிடையாது அத்தை. வழவழன்னுதான் இருக்கும்."

"கடல்ல இருந்த மட்டும் கிடையாது?"

"கிடையாது."

"பெட்டியில வச்ச பொறவுதான் வந்துச்சு."

"ஆமா."

அம்மாள் திரும்பினார். முகத்தில் அழுகை இல்லை. கணக்கு நேராகிவிட்ட முகம்.

"அப்ப இந்தக் குழி அம்புட்டும் நான் போட்டதுதானட்டி? பொறவு என் பேர வைக்காம, வேற யாரு பேர வச்சிருப்பே?"

நாராயணி எச்சில் கையோடு ஓவென்று அழுதார். அம்மாள் முந்தானையால் ஒருமுறை படத்தின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, சட்டியிலிருந்து கரண்டியை எடுத்து, ஜனனியின் இலையில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினார்.